முப்பத்தோராம் மாடியில் நான் விரித்த படுக்கை

என் பெயர் ஆர்வின் தும்லாவ். வயது இருபத்து நாலு. மக்காவ் நகரில், நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கும் வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து இதை போனில் பேசிக்கொண்டிருக்கிறேன், நான் சொல்லச் சொல்ல அது கடிதமாக எழுதிக்கொள்கிறது. அம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சூதாடவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல செய்திதான், பொறுமையாகக் கேளுங்கள்.

கீழ்த்தளத்தில் சூதாட்ட மேஜைகள் உள்ள எங்கள் ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறவர்களில் ஒருவரை மேற்பார்வைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அதற்குக் கடைசிப் பரீட்சை, ஒரு நாள் விருந்தாளியாகத் தங்குவது. நமக்குப் பழக்கமில்லாத கட்டடத்தில் ரூம் தருவார்கள். யாரிடமும் நம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது. எது சரி, எது குறை என்று எழுதித் தர வேண்டும்.

எனக்கு முப்பத்தோராம் மாடி. நான்கு வருடமாக இப்படிப்பட்ட ரூம்களைத் துடைத்திருக்கிறேன், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. கட்டிலில் குறுக்காகப் படுத்தேன், அப்போதும் கால் விளிம்பைத் தொடவில்லை. தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, விரல் சுருங்கும்வரை கிடந்தேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில்தான் வினை. கண் விழித்ததும் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் விரிப்பை இழுத்து, மூலைகளை மடித்துச் செருகி, தலையணைகளைத் தட்டி நிமிர்த்தினேன். தொட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். துண்டுகளை மடித்து வைத்தேன். அப்புறம் கீழே போய் அரிசிக் கஞ்சியும், முட்டை டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் மூன்றும் சாப்பிட்டேன்.

நாலாவது டார்ட்டை எடுக்கும்போது போன் வந்தது. லியோங் மேடம், எங்கள் தலைமை அதிகாரி. "மேல வா. உடனே."

ரூமில் மேடமும், அந்த மாடியில் வேலை பார்க்கும் மிலாக்ரோஸ் அக்காவும் நின்றார்கள். அக்கா நம் நாட்டுக்காரர், இலோயிலோ ஊர்ப் பக்கம். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"ராத்திரி எங்க இருந்தே?" என்றார் மேடம்.

"இங்கதான் மேடம்."

"இங்க யாரும் படுக்கலன்னு மாடியிலேர்ந்து தகவல் வந்திருக்கு. ரூமை வாங்கிக்கிட்டு சீட்டாட்ட மேஜைக்குப் போயிட்டியா?"

எங்களைப் போன்றவர்கள் அந்த மேஜைப் பக்கம் போனால் வேலை போகும், இங்கே இருக்கும் அனுமதியும் போகும். "கதவுச் சாவி அட்டையோட பதிவைப் பாருங்க மேடம்" என்றேன்.

"எப்ப உள்ள வந்தேன்னுதான் அது சொல்லும். எப்ப வெளிய போனேன்னு சொல்லுமா?"

"மேடம், நான்தான்... காலையில நானே படுக்கையைப் போட்டுட்டேன்."

"விருந்தாளி எவனாவது படுக்கை போடுவானா?"

மிலாக்ரோஸ் அக்கா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். "மேடம், இது நான் போட்டது இல்ல."

"நேத்து நீதானே போட்டே?"

"நேத்து போட்டது நான்தான். ஆனா நான் இடதுகைக்காரி. என் மடிப்பு எப்பவும் இடப்பக்கம்தான் சாயும். இது வலப்பக்கம் சாஞ்சிருக்கு." நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "காலையில நான் உள்ள வரல மேடம். வாசல்ல நின்னு பாத்துட்டுத் தகவல் குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அம்மா, அவருக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சொன்னால் அவர் பெயரில் குறை விழும்.

மேடம் விரிப்பை ஒரே இழுப்பில் உருவித் தரையில் போட்டார். "போடு, பாப்போம்."

போட்டேன். வழக்கமான வேகத்தில்தான் போட்டேன். மேடம் கால்மாட்டில் குனிந்து தடவிப் பார்த்தார். மடிப்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல வந்த வேலையை விட்டுட்டு நம்ம வேலையைச் செஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"தூங்க வந்தியா, ஷிப்டுக்கு வந்தியாடா?" என்றார் அக்கா. "தொட்டி என்னமா மின்னுது! தினமும் உன்னையே தங்க வச்சா எனக்கு லீவுதான்."

"நாளைக்கு உனக்குப் புதுச் சட்டை தருவாங்க" என்றார் மேடம். "குறைகளை எழுதிக் குடுத்துட்டுப் போ."

மேடம் போனதும் நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைக் காப்பாற்றியவர் எதிரிலேயே நிற்கிறார். ரூமுக்குள் வராமல் தகவல் கொடுத்ததை எப்படி எழுதுவது?

"எழுதுடா" என்றார் அக்கா. "எனக்காக மறைச்சா, நாளைக்கு நீ என் வேலையை நல்லா இருக்குன்னு சொன்னாலும் எவன் நம்புவான்?"

எழுதினேன். அதற்குக் கீழேயே, தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டார் என்றும் எழுதினேன். அவர் படித்துவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ரூமுக்குப் போனார்.

மேற்பார்வையாளர் ஆர்வின் தும்லாவ், அம்மா. சட்டைப் பையில் பெயர் தைத்துத் தருவார்கள்.

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. இதை யார் வாசித்தாலும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.