கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பிரஷ்

ஆராயி கடை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலது கையில் ஒரு ஷேவிங் பிரஷ். விரல்களை வேண்டுமென்றே தளர்த்தி, மணிக்கட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள். ஒரு ஆட்டம், ரெண்டு ஆட்டம், அவ்வளவுதான், பிரஷ் நழுவிக் கண்ணாடி மேஜைமேல் டொக்கென்று விழுந்தது.

"அரே ஆண்ட்டிஜி!" என்று கடைக்காரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். கீறல் விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தான்.

"டூட்டா நஹி, பையா. தூஸ்ரா திக்காவ்," என்றாள் ஆராயி. உடையவில்லையாம், இன்னொன்றைக் காட்ட வேண்டுமாம். டெல்லிக்கு வந்து தலைமுடி நரைத்தாயிற்று, அவளுடைய இந்தி மட்டும் வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மயூர் விஹார் மார்க்கெட்டில் அவளை ஏமாற்றி ஒரு வாடின வெண்டைக்காய் விற்ற ஆள் கிடையாது.

கடைக்காரன் முனகிக்கொண்டே அடுத்ததை எடுத்து வைத்தான். ஸ்டீல் கைப்பிடி. பளபளவென்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆராயி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து உள்ளங்கையை நனைத்துக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த சோப்புத் துண்டை லேசாகத் தேய்த்துக்கொண்டு பிடித்தாள். விலாங்கு மீன்தான். கனம் வேறு, காலில் விழுந்தால் விரல் போய்விடும். அடுத்தது மரக்கைப்பிடி. பிடிக்க இதமாக இருந்தது. ஆனால் அடியில் வார்னிஷ் இப்போதே உரிய ஆரம்பித்திருந்தது. தினமும் வெந்நீரில் நின்றால் மரம் என்ன கதியாகும் என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டில் எத்தனை மத்து, எத்தனை சப்பாத்திக் கட்டை பிளந்திருக்கிறது!

"இந்தக் காலத்தில் யார் ஆண்ட்டிஜி பிரஷ் வைத்துக்கொண்டு மாரடிக்கிறார்கள்? ஃபோம் டப்பா கொண்டு போங்கள். மேலே ஒரு அமுக்கு அமுக்கினால் நுரை. அதுவும் வேண்டாமென்றால் மெஷின் இருக்கிறது, அங்கிளுக்குக் கஷ்டமே இல்லை," என்று கடைக்காரன் இந்தியில் உபதேசம் பண்ணினான்.

அமுக்குகிற விரல் சரியாக இருந்தால் நான் ஏண்டா இங்கே வந்து நிற்கிறேன் என்று ஆராயி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மெஷினை வாங்கிக்கொண்டு போய் நீட்டினால், உன் கை போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும். வேறு வினையே வேண்டாம்.

அவள் புருஷன் சென்னியப்பன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில், முகத்தில் போட்ட நுரை உறைந்து போகிற குளிரிலும் ஒரு நாள் சவரம் தப்பியதில்லை என்று சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் பெருமை பேசுவார். கல்யாணமான மறுநாள் காலையில் ஆராயி கண் விழித்துப் பார்த்ததே நுரை முகத்தோடு கண்ணாடி முன்னால் நின்ற மனுஷனைத்தான். அப்பேர்ப்பட்டவர் இந்த மார்கழி பிறந்ததும் சவரத்தை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "பழனி முருகனுக்கு வேண்டுதல் புள்ள. தைப்பூசம் வரைக்கும் மூஞ்சில கத்தி படக்கூடாது," என்றார். பிரஷ்ஷைக் காணோமே என்றதற்கு, பழசாகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்றார்.

சாமி பேரைச் சொன்ன பிறகு யார் குறுக்குக் கேள்வி கேட்பது? ஆராயி நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? கறியை நிறுத்தினாள், மீனை நிறுத்தினாள், ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையைக்கூட எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். எலும்பைத் துளைக்கிற டெல்லிக் குளிரில் விடியக் கருக்கலில் எழுந்து தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு, நடுங்க நடுங்க விளக்கேற்றினாள். புருஷன் விரதத்துக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே!

இன்று காலையில்தான் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியைக் கொத்திவிட உட்கார்ந்தாள். கரண்டி எதிலோ தட்டியது. தோண்டினால் பிரஷ். மிலிட்டரி கேன்டீனில் வாங்கின அதே பிரஷ். மெலிசான கைப்பிடி நட்டநடுவில் பிளந்து, மயிரெல்லாம் மண்ணாகக் கிடந்தது. குப்பைக் கூடையைத் தினமும் கொட்டுகிறவள் இவள். இவள் கண்ணில் படக்கூடாதென்றுதானே பால்கனிவரை கொண்டுவந்து குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்! "அட எமகாதகா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒரு மாதமாக என் வாயைக் கட்டிப்போட்டு, பச்சைத் தண்ணியில் முழுக வைத்தாயே, உருப்படுவாயா நீ!

ஆனால் பிளந்த கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் கோபம் வற்றிப்போயிற்று. உடைந்தால் உடைந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்? காப்பி அரை டம்ளர் போதும் என்கிறாரே, எப்போதிருந்து? பேப்பரைக் கையில் பிடிக்காமல் மேஜையில் விரித்துப் போட்டுப் படிக்கிறாரே? டிவி பார்க்கும்போது வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வதைக் குளிருக்கு என்றல்லவா நினைத்தாள்!

ஆராயியின் மாமனாருக்கும், அதாவது சென்னியப்பனுடைய அய்யனுக்கும், இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரல் ஆடியது, அப்புறம் கை, கடைசியில் கஞ்சியை ஒருத்தர் ஊட்டினால்தான் உண்டு. ஊட்டியதே ஆராயிதான். லீவில் வருகிற சென்னியப்பன் அதைப் பார்க்க மாட்டாமல் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். சண்டை நடக்கிற இடத்துக்குப் போகப் பயப்படாத மனுஷன், ஒரு கஞ்சிக் கிண்ணத்துக்குப் பயந்தார்.

இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே போயிருந்தால் தைப்பூசம் வரைக்கும் ஆராயியும் தெரியாத மாதிரி இருந்திருப்பாள். நடுவில் சுஜாதா இருக்கிறாளே. டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கிற ஒரே மகள். அவள் பாப்பாவுக்கு இப்போதுதான் ஏழு மாதம். போன தடவை வந்தபோது ஆசையாக, அப்புச்சிகிட்டப் போ என்று குழந்தையை அப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போய், "விரதத்துல இருக்கறேன் கண்ணு. கொழந்தை ஈரம் பண்ணிருச்சுன்னா சுத்தம் போயிரும்," என்றார். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. மாப்பிள்ளை குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

நேற்றுப் போனில் சுஜாதா கொட்டித் தீர்த்துவிட்டாள். "எந்தச் சாமிம்மா பேத்தியைத் தொடாதேன்னு சொல்லிச்சு? பையனாப் பொறந்திருந்தா அப்பா தொட்டிருப்பார். இவங்க வீட்டுல எல்லாரும் அதான் பேசறாங்க. நான் என்ன ஜவாப் சொல்றது? சண்டே வர்றோம். அன்னிக்கும் தூக்கலைன்னா பஸ், அவ்வளவுதான், அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

சொன்னால் செய்கிற பெண். அப்பன் புத்தி அப்படியே. ஆராயி இப்போதே போனை எடுத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் தன் வாயால் சொல்லாததை இவள் சொல்லிவிட்டால், சென்னியப்பன் அப்புறம் ஜென்மத்துக்கும் இவள் முகத்தில் விழிக்கமாட்டார். அவரே சொல்ல வேண்டும், நாளைக்கு ஞாயிறு, அதற்குள் சொல்ல வேண்டும். பிளேடைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிரஷ். நுரையைப் பூசிக்கொண்ட மனுஷன் பாதியில் நிற்க முடியாதே, ஆடுகிற கையால் கத்தியையும் பிடிக்க முடியாது, யாரையாவது கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? நூறு யோசனை பண்ணிக் கடைசியில் அவளுக்குப் பிடிபட்ட வழி இது ஒன்றுதான்.

"இதுதான் கடைசி, ஆண்ட்டிஜி. ஜல்தி சொல்லுங்கள்," என்று கடைக்காரன் உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான்.

கைப்பிடி குண்டாக இருந்தது. கனமான பிளாஸ்டிக், ஆனால் வழுவழுப்பில்லை. அடியில் பருத்து, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, மேலே மறுபடி விரிந்திருந்தது. ஆராயி ஈரக்கையால் பிடித்தாள். விரல்கள் தானாகவே ஒடுக்கத்தில் போய் உட்கார்ந்தன. கண்ணை மூடி மணிக்கட்டை ஆட்டினாள். பலமாக ஆட்டினாள். கடைக்கு வந்த இன்னொரு பெண் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள். விழவில்லை. வேண்டுமென்றே தரையில் ஒரு தடவை போட்டாள். கடைக்காரன் "அரே!" என்று கத்துவதற்குள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, மயிர்க்கட்டு அசையவில்லை.

"யஹீ தே தோ," என்றாள். இதையே கொடு.

மறுநாள் காலையில் வாஷ்பேசின் விளிம்பில் புதுப் பிரஷ்ஷை வைத்தாள். பக்கத்திலேயே மண்ணோடு மண்ணாகப் பழையதையும் வைத்தாள். கிண்ணத்தில் சோப்பு, மக்கில் வெந்நீர், ரேசர். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, சமையலறையில் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சென்னியப்பன் குளியலறைக்குள் போனார். சத்தமே இல்லை. உரித்த வெங்காயத்தையே ஆராயி மறுபடி உரித்தாள்.

அவர் வெளியே வந்தார். இடது கையில் இரண்டு பிரஷ்ஷும் இருந்தன. வலது கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது.

"என்ன புள்ள இது?"

"பிரஷ்ஷுங்க."

"வேண்டுதல்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. முருகனும் கேட்டுட்டுத்தான் இருந்திருப்பான்," என்றாள் ஆராயி, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

"வேவு பாத்தயாக்கும்?"

"மண்ணு கொத்துனனுங்க. நீங்க பொதைச்சு வெச்சா மொளைக்குமாக்கும்?"

அவர் முகம் தாடிக்குள்ளே சிவந்தது. "எங்கய்யனுக்கு ஊட்டுன மாதிரி எனக்கும் ஊட்டிப் போடலாம்னு பாக்கறயா?"

ஆராயி கத்தியைக் கீழே வைத்தாள். "ஊட்டற காலம் வந்தா ஊட்டத்தாஞ் செய்வேன். அதுக்கு உங்க உத்தரவு ஒண்ணும் வேண்டியதில்லீங். டாக்டரப் பாத்தா அந்தக் காலம் வராமயே போனாலும் போகும். ஆனா இன்னிக்குப் புள்ள வர்றா. பொட்டப் புள்ளைன்னு எங்கப்பன் தொடலைன்னு அழுவறா. உங்களுக்கு வீம்பு பெருசா, அவ பெருசா? நீங்களே சொல்லிருங்க." சொல்லி முடிக்கும்போது அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சென்னியப்பன் திரும்பிப் போய்க் கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஆராயி கதவுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே குழாய் ஓடி நின்றது. அப்புறம் பிரஷ் கிண்ணத்தில் தட்டுகிற சத்தம். டக் டக் டக்கென்று வேகமாக, ஒரு ஒழுங்கில்லாமல். எந்த நிமிஷம் கீழே விழுமோ என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. மறுபடி கேட்டது. விழவில்லை. ரேசரை எடுத்துவிட்டால் என்ன பண்ணுவது, கழுத்துப் பக்கம் போனால் என்ன பண்ணுவது என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

சுஜாதா கம்பளிக் குல்லாய் போட்ட பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை பின்னால் ஷூவைக் கழற்றாமல் நின்றார். உட்காருவதாக உத்தேசம் இல்லை போலிருக்கிறது.

"அப்பா எங்க?" என்றாள் சுஜாதா. சண்டைக்குத் தயாரான குரல்.

தாழ்ப்பாள் திறந்தது. சென்னியப்பன் வந்தார். கண்ணிலிருந்து கழுத்துவரை வெள்ளை நுரை. ஒரு காதில் நுரை, புருவத்தில் நுரை, ஸ்வெட்டரெல்லாம் நுரை. வலது கையை இன்றைக்கு எங்கேயும் செருகிக்கொள்ளவில்லை. குண்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். கை ஆடிய ஆட்டத்தில் நுரை துளித்துளியாகத் தரையில் விழுந்தது.

சுஜாதா பாப்பாவை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கை நிக்க மாட்டீங்குது கண்ணு. அதான் தூக்கலெ. வேண்டுதலுமில்ல, ஒண்ணுமில்ல. போட்டுருவனோன்னு பயந்துட்டேன்," என்றார் சென்னியப்பன்.

மாப்பிள்ளை குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சுஜாதாவின் கண் அப்பாவின் முகத்துக்குப் போகவே இல்லை, அந்தக் கையிலேயே நின்றது. ஆராயி குழந்தையை வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு எட்டு வைத்தாள். அதற்குள் பாப்பா அம்மா இடுப்பிலிருந்து வளைந்து, எட்டி, ஆடிக்கொண்டிருந்த பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துவிட்டது.

கைப்பிடி குழந்தையின் விரல்களுக்குள் அடங்கவில்லை. அப்புச்சியின் விரல்மேலேயே அது பிடித்துக்கொண்டது. அவருடைய ஆட்டம் அதன் கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, தலையிலிருந்த குல்லாயின் நூல்பந்துவரை போய் ஆடியது. தனக்காகத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, நுரை தெறித்த முகத்தோடு பாப்பா கெக்கேகெக்கே என்று சிரித்தது. அவர் பயந்துபோய்க் கையை இழுக்கப் பார்த்தார். அது விடாமல், இன்னும் ஆட்டு என்கிற மாதிரி கைப்பிடியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.