முத்தலிபு மாப்பிள்ளை விசாரித்த கதை

மாப்பிள்ளை விசாரிக்கப் புறப்பட்டவன் ஒருநாளும் பட்டினி கிடக்க மாட்டான். போகிற இடமெல்லாம் கதிரை போடுவார்கள், தேத்தண்ணி ஊற்றுவார்கள், வடைத் தட்டை முன்னால் தள்ளுவார்கள். மகள் மர்ஷூதாவுக்கு வந்த சம்பந்தத்தை விசாரிக்க, முத்தலிபு அந்தக் கிழமை தில்லையடி முழுக்கச் சுற்றினார். அவர் குடித்த தேத்தண்ணியைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு உப்புப் பாத்தியே நிரம்பியிருக்கும்.

முத்தலிபு உப்பு வியாபாரி. சாக்கின் வாயைப் பிரித்து, அடிவரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் வாங்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் மகளின் விஷயத்தில் மட்டும் சாக்கின் வாயை எட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார் என்றால், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர் வழக்கமே அதுதான்.

மாப்பிள்ளையின் பெயர் ஃபாஹிம். புத்தளம் டவுனில் சொந்தமாக டைல்ஸ் கடை வைத்திருந்தான். படித்தவன், பார்க்கவும் வாட்டசாட்டமானவன். சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் அவனுடைய தாய்மாமா நெய்னார் ஹாஜியார். முத்தலிபுவின் உப்பை வருஷக்கணக்காக வாங்குகிறவரும் அவரேதான். ஃபாஹிமுக்கு இது இரண்டாவது கலியாணம். முதல் மனைவி காதி நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்பதையும் ஹாஜியார் மறைக்கவில்லை.

முத்தலிபு பள்ளிவாசலில் கேட்டார். "நல்ல பொடியன், ஜும்ஆ தவறமாட்டான்" என்றார்கள். கடைத்தெருவில் கேட்டார். கொடுக்கல் வாங்கலில் நேர்மை, சிகரட் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிற மரியாதை என்றார்கள். அவன் சைக்கிளை விட்டுக் காருக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, அது வேறு கதை. முதல் கலியாணம் ஏன் முறிந்தது என்று கேட்டபோது மட்டும் எல்லோரும் பேசி வைத்தாற்போல் ஒரே பதில் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் கூட. வாழ்வதற்கு நஸீபும் இல்லை, விதி அப்படி.

கடைசியாகத் தையல்கார நுஸ்கியிடம் போனார். ஃபாஹிம் முதல் மனைவியோடு வாடகைக்கு இருந்தது நுஸ்கியின் பக்கத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் சுவர். முத்தலிபு கேட்டதும் நுஸ்கி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்ல பொடியன்தான், நானா" என்றான். முத்தலிபுவுக்கு அது போதுமாக இருந்தது. ஊரே ஒரு குரலில் சொன்னால் வேறு என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து அஸீஸாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சந்தோஷத்தில் அப்போதே அலுமாரியைத் திறந்து பட்டுச் சாரிகளை வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டாள். மர்ஷூதா கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறவள், எதையும் நிதானமாகக் கேட்கிறவள். வாப்பா சொல்லி முடிக்கும்வரை இருந்துவிட்டு, சம்பந்தமில்லாமல் லொறியைப் பற்றிக் கேட்டாள்.

"வாப்பா, நம்மட லொறிய வாங்க முந்தி நீங்க எங்க போய் விசாரிச்சீங்க?"

"மதுரங்குளிக்குப் போனன். முதல்ல வச்சிருந்த மனிசனத் தேடிப் புடிச்சிக் கேட்டன்."

"விக்கிறவர் நல்ல வண்டி என்டு சொன்னாரு தானே?"

"விக்கிறவன் வேறென்னத்தச் சொல்லுவான்? ஓட்டினவனுக்குத்தான் தெரியும்" என்று பெருமையாகச் சொன்ன முத்தலிபு, மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டதை உணர்ந்தார்.

"அவன்ட முதல் பொஞ்சாதிட்டயா? என்ன முகத்த வச்சிக்கிட்டுப் போய்க் கேக்கிற?"

"நான் போய் வாழப்போற மனிசனோட வாழ்ந்துட்டு வந்தவ அவ ஒராள்தான், வாப்பா. நீங்க கேட்ட ஆக்கள் எல்லாரும் அவரோட தேத்தண்ணி குடிச்சவங்க."

பிரிந்து போனவளிடம் கேட்டால் நல்லதாகவா சொல்லப்போகிறாள் என்று அஸீஸா முணுமுணுத்தாள். முத்தலிபுவுக்கும் மனதில் அதே எண்ணம்தான். இருந்தாலும் மகளின் வாயை அடைப்பதற்காகவாவது ஒரு தடவை போய் வந்துவிடுவோம் என்று அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் இருந்த எத்தாளைக்கு லொறியை விட்டார்.

அவளுடைய பெயர் ருஷ்தா. கூடப்பிறந்த நானாவின் தோட்டத்தில், கறுப்பு வலைக் கூரைக்குக் கீழே நாற்றுமேடை போட்டிருந்தாள். மிளகாய், கத்தரி, தக்காளி என்று கன்றுகள் தட்டுத் தட்டாகக் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றவள், வந்தவர் கன்று வாங்க வந்த தோட்டக்காரர் என்று நினைத்துவிட்டாள்.

"என்ன கன்டு வேணும், மாமா? கொச்சிக்காவா, கத்தரியா?"

முத்தலிபு தயங்கித் தயங்கி வந்த காரியத்தைச் சொன்னார். ருஷ்தாவின் கையிலிருந்த குழாய் ஒரே தட்டில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. கன்றுகள் மூழ்கும் அளவுக்கு நிரம்பிய பிறகுதான் அவள் திடுக்கிட்டுக் குழாயை மூடினாள்.

"நான் பிரிஞ்சி வந்த பொறகு ஊரே காரணம் சொல்லிச்சி, மாமா. காரணம் என்ன என்டு எனக்கிட்ட வந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றாள்.

தண்ணீர் நிரம்பிய தட்டை அவள் இடது கையால் தூக்கி வைத்ததை முத்தலிபு கவனித்தார். வலது கையின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. அது உதவிக்கு வந்ததே தவிரப் பாரம் தாங்கவில்லை. அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கையை முந்தானைக்குள் ஒளிக்கவில்லை.

கலியாணமான புதிதில் அவள் நானாவோடு ஃபோனில் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசியதற்குத்தான் முதல் அடி விழுந்ததாம். அடித்த கையோடு வெளியே போய் புரியாணிப் பார்சலும் ஐஸ்கிறீமும் வாங்கி வந்து, "உன்னில உள்ள பாசத்திலதான் கோபம் வருது" என்றானாம். பிறகு ஃபோன் அவன் கைக்குப் போனது. வாசலுக்குப் போகக் கேட்க வேண்டும் என்றானது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஏதாவது ஒரு பரிசு வந்தது. வீடு நிறையச் சாமான்கள் சேர்ந்தன. வந்து போனவர்கள் கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

"கைய முறிச்சதும் அவர்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான். பாத்ரூமுல வழுக்கிட்டாங்க என்டு டொக்டர்ட்ட அவரே சொன்னாரு. நான் தலையாட்டினன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார் முத்தலிபு. கேட்கும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"சொன்னன். உம்மா, பொறுமையா இரி என்டாங்க. மாமி, புருஷன்ட குறைய வெளிய சொல்றது புறம் பேசுறது, பாவம் என்டாங்க. பாவத்துக்குப் பயந்து நான் வாய மூடினன், மாமா. அடிச்சவருக்கு அந்தப் பயம் வரல்ல."

கை முறிந்த செய்தி கேட்டு வந்த நானா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். "வா" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இப்போது எத்தாளையில் பாதித் தோட்டங்களுக்குக் கன்று போவது அவளுடைய மேடையிலிருந்துதான். அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நீங்க விசாரிச்ச ஆக்கள் பொய் சொல்லல்ல. வெளிய அவர் நல்லவர்தான். என்ட வாப்பா உசிரோட இருந்தப்ப அவருக்கும் இதத்தான் சொன்னாங்க. கதவுக்கு உள்ள என்ன நடக்கிது என்டு தெரிஞ்ச ஆக்கள் பேசல்ல, அவ்வளவுதான். இனி யாரும் கேட்டு வந்தா சொல்லுங்க. என்ட பேரையும் சொல்லுங்க. ஒளிக்கிறதுக்கு நான் ஒரு குற்றமும் செய்யல்ல."

முத்தலிபு ஒரு தட்டு மிளகாய்க் கன்றோடு வீடு திரும்பினார். அன்று பின்நேரமே நெய்னார் ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்து, மகள் மேலே படிக்கப்போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள், குறை நினைக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். ஹாஜியாரும் பக்குவமாகவே கேட்டுக்கொண்டார். ஒருவர் மனமும் நோகவில்லை, உப்பு வியாபாரமும் கெடவில்லை. நம்மவர்கள் சம்பந்தத்தை முறிக்கிற அழகே அழகு.

மர்ஷூதா வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் தப்பிட்டன், வாப்பா. அவர் இனிக் கலியாணம் கட்டாம இருக்கப்போறாரா?" என்று கேட்டாள். ஊரிலுள்ள குமர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் நான்தானா வாப்பா என்று முத்தலிபு எரிந்து விழுந்தார். ஆனால் கொல்லையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் திரும்பாத அந்த மணிக்கட்டு அவருடைய கண்முன்னே வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாத வெட்கம், அதனால்தான் இன்னும் சுட்டது.

மிளகாய் பூக்கத் தொடங்கிய ஒரு காலை. சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் முத்தலிபு பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நெய்னார் ஹாஜியார், மூலையில் தையல்கார நுஸ்கி. அப்போது நுரைச்சோலையிலிருந்து அஹமட் என்ற வெங்காயத் தோட்டக்காரர் வந்து ஸலாம் சொல்லி முத்தலிபுவின் எதிரே உட்கார்ந்தார். வெயிலில் கறுத்த மனிதர். கண்ணில் மட்டும் தூக்கம் கெட்ட சிவப்பு.

"ஃபாஹிமுக்கு என்ட மகள கேட்டு வந்திரிக்கிறாங்க, நானா. எல்லாரும் நல்ல பொடியன் என்டுதான் சொல்றாங்க. நீங்களும் கதைச்சிப்போட்டு விட்டுட்டீங்க என்டு கேள்விப்பட்டன். ஏன் விட்டீங்க? எனக்கு ஒரே மகள்."

ஹாஜியார் முத்தலிபுவைப் பார்த்து ஒரு புன்சிரிப்புச் சிரித்தார். "மகள் படிக்கப்போகிறாள்" என்ற பதில் முத்தலிபுவின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் இந்த மனிதர் நிம்மதியாக எழுந்து போவார். போய்க் கலியாணத்துக்கு நாள் குறிப்பார். உப்பு இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு விற்கும், அது கெட்டுப்போகிற பொருளில்லை. முத்தலிபு பாண் துண்டைக் கீழே வைத்தார்.

"மகள் படிக்கப்போறா என்டு சொன்னன். அது பொய், தம்பி. அந்தப் பொடியன் முதல் பொஞ்சாதிக்கு அடிச்சி, கைய முறிச்சவன். யாரோ சொன்ன கதை இல்ல. அந்தக் கைய என்ட கண்ணால பார்த்திட்டு வந்து சொல்றன். ருஷ்தா எத்தாளையில நாத்துமேடை வச்சிரிக்கிறா. என்ட பேரச் சொல்லுங்க என்டு அவவேதான் சொன்னா. போய்க் கேளுங்க."

ஹாஜியாரின் சிரிப்பு மறைந்தது. நாலு பேர் மத்தியில் ஒருவனைப் பற்றிப் புறம் பேசுவது முத்தலிபுவுக்கு அழகில்லை என்றார். அது இளம் வயதுக் கோபத்தில் நடந்தது என்றார். "இன்னொரு கலியாணத்தச் செஞ்சி கால்கட்டுப் போட்டா, தானாத் திருந்துவான்."

"கால்கட்டுப் போட எங்கட புள்ளைகள் கயிறில்ல, ஹாஜியார்" என்றார் முத்தலிபு. குரலை உயர்த்தவில்லை. "அவன் திருந்தினா எனக்கும் சந்தோஷம். முதல்ல எத்தாளைக்குப் போய், உடைச்ச கைக்குப் பதில் சொல்லட்டும். கலியாணத்தப் பொறகு பாப்பம்."

மூலையிலிருந்து நுஸ்கி எழுந்து வந்தான்.

"அந்த வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். அந்தப் புள்ள அழுறது கேட்கும். கேக்கக் கூடாது என்டு மெஷின வேகமா மிதிப்பன். நீங்க விசாரிச்சி வந்த அண்டைக்கும் மிதிச்சிக்கிட்டுத்தான் இருந்தன், நானா" என்றவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். அவர் தன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். அது ஆறி ஆடை படிந்துவிட்டது. அவருக்கும் இரண்டு பெண்மக்கள் உண்டு, பேத்திகளும் உண்டு. நிமிர்ந்து அஹமட்டைப் பார்த்தார்.

"அவர் சொன்னது உள்ளதுதான், தம்பி. எனக்கும் தெரியும். தங்கச்சிட மகன் என்டு மூடி வச்சன். உங்கட மகளுக்கு வேற இடம் பாருங்க. அவன்ட கதைய நான் பார்த்துக்கொள்றன். முதல்ல அவன எத்தாளைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியது நான்தான்."

அஹமட் எழுந்தார். முத்தலிபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரர், முகத்துக்கு நேரே இப்படி உடைத்துச் சொல்ல எப்படி மனம் வந்தது, புறம் பேசின பாவம் வராதா என்று மெல்லக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவரும் எத்தனையோ பேருக்கு "நல்ல பொடியன்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்தான்.

"விசாரிச்சி வாற மனிசன் நம்மட சொல்ல நம்பித்தான் பெத்த புள்ளைய ஒருத்தன்ட கையில குடுக்கிறாரு" என்றார் முத்தலிபு. "அவருக்கு உள்ளதச் சொல்றது புறமில்ல, அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்ச பொறுப்பு. ஒரு வீட்டுக்குள்ள பொம்புளப் புள்ளைக்கு அடி விழுறது தெரிஞ்சும் நம்ம வாய மூடிக்கிட்டிருந்தா, அடிக்கிற கைகள்ல நம்மட கையும் ஒண்டு."