சத்தம் இல்லாத நேரத்தில் மாரியப்பனைக் கொன்றேன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைத்தது இந்தக் கதையை அல்ல. வேறொன்று, கடலும் கண்ணீருமாக, நிறையப் பக்கங்கள். அதைத் தொடங்கிய அன்று பார்த்து என் லேப்டாப் ஊமையாகிவிட்டது.

எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்லும். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த இரும்புக் குரல் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன். லேப்டாப்போ பழசு, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதால் உயிரோடு இருக்கிறது. சத்தம் போனால் மற்றவர்களுக்குப் பாட்டுதான் போகும். எனக்கு எழுத்தே போய்விடும்.

(புதுசு வாங்கச் சொல்கிறவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம்.)

2

இருந்தாலும் கை சும்மா இருக்குமா? காதில் எதுவும் விழாமலே குத்துமதிப்பாக அடித்தேன். தொடக்கம்:

"மீன் விற்கும் புஷ்பவல்லியின் கணவன் மாரியப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவேயில்லை. அவளுடைய கண்களில்

கண்களில் என்ன? எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். வேறு மாதிரி:

"கடல் கொண்டுபோனதைக் கடல் திருப்பித் தருவதில்லை என்று

யார் சொன்னார்கள் என்பது தெரியாததால் இதுவும் நின்றது. (கரையில் என் காலில் இடறுவதை வைத்துப் பார்த்தால் கடல் நிறையத்தான் திருப்பித் தருகிறது. முக்கால்வாசி செருப்பு.)

புஷ்பவல்லி நிஜமானவள். ராயபுரத்தில் எனக்குப் பக்கத்து வீடு. மாரியப்பனும் நிஜம்தான். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம்.

3

மத்தியானம், மீன் விற்று முடித்து வந்தவளைக் கூப்பிட்டேன். எனக்கு எதை அழுத்த வேண்டும் என்று தெரியும். அவளுக்குத் திரை தெரியும், ஆங்கில எழுத்தைக் கூட்டியும் படிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக்.

திரையில் கட்டளை அடிப்பதற்கென்று இருக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒலியைச் சரிசெய்யும் கட்டளையை அடித்தேன்.

"இன்னா தெரியுது?"

"கோடு கோடா நிக்குது ஜேக்கப்ணா. அடில பச்ச, மேல செவப்பு."

"கோட்டுக்குக் கீய எம் எம்முனு கீதா?"

"இல்ல. ரெண்டு முட்ட கீது."

எம் என்றால் வாயைக் கட்டியிருக்கிறது. முட்டை என்றால் வாய் திறந்திருக்கிறது. திறந்த வாயிலிருந்து ஏன் சத்தம் வரவில்லை? லேப்டாப்பை அவள் மடிக்கு மாற்றி, வலது அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன்.

"ஏ, யூ, டி, ஓ... அப்பால எம், யூ, டி, ஈ. பக்கத்துல ஈ, என், ஏ..."

"ஆட்டோ மியூட், எனேபிள்டு!" எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.*

* இயர்போன் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் அந்த ஓட்டை துருப்பிடித்து, செருகாத இயர்போனைச் செருகியதாக லேப்டாப் நம்பிவிட்டது. பாவம், இல்லாத காதுக்குப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

"கீய் அம்ப ஒரு தட்டு தட்டு, புஷ்பா. அவ்ளோதான்."

தட்டவில்லை.

"ணா, இதுக்குப் பின்னால எம்பேரு கீது."

கறுப்பு ஜன்னலுக்குப் பின்னால் என் கதை திறந்தே கிடந்தது.

4

எழுத்தெழுத்தாகப் படித்தாள். "திரும்பவேயில்லை" வந்ததும் குரல் ஏறியது.

"ஐய! எம்புருசன் வூட்ல குந்திகினு சோறு துன்னுகினு கீறான். நீ கொன்னுட்டியா?"

"கதைம்மா. சோகமா இருந்தாதான் படிப்பாங்க."

"நான் அயுவணும், நீ எயுதணும், எவனோ படிக்கணுமா? மொதல்ல அவனக் கரைக்கு இட்டுகினு வா. அப்பால தட்றேன்."

(இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாத்திரங்கள் எழுத்தாளனை எதிர்த்துப் பேசுவதாக எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பாத்திரங்கள் யாரும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசியதில்லை.)

கதையை முன்னால் கொண்டுவந்து விசைப்பலகையை என் பக்கம் திருப்பினாள். அம்புக்குறியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் தடவித் தடவி அடித்தேன்: "ஒருநாள் மாரியப்பன் திரும்பி வந்தான்."

"'வந்தான்'ல கால உட்டுட்ட. போடு."

போட்டேன். கறுப்பு ஜன்னலுக்குப் போய்த் தட்டினாள்.

5

அந்த இரும்புக் குரல் பேசியது. என்ன சொன்னது என்பதுகூட மனதில் நிற்கவில்லை. அழுதேன், சிரித்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் எழுத்து எனக்குத் திரும்பிவிட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த நேரத்தில் எனக்கு வேறு இல்லை.

சந்தோஷத்தில் கதையை முதலிலிருந்து வாசிக்கவிட்டேன். காலையில் சத்தம் வராதபோது வருமா வருமா என்று ஒலியளவை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தது ஞாபகமில்லை. மாரியப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவேயில்லை என்ற செய்தி தெரு முழுக்கப் போனது.

மாரியப்பன் எச்சில் கையோடு ஓடி வந்தான்.

"யாருப்பா செத்தது?"

"நீதான்யா," என்றாள் புஷ்பவல்லி, சிரிப்பை அடக்க முடியாமல். "செத்துட்டு வந்தும் உட்ட. குந்து, முச்சூடும் கேளு."

உட்கார்ந்து கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்.

"வந்தேன்னு சொல்ற, சரி. எப்டி மாமு வந்தேன்?"

நான் அதை எழுதவில்லை.

"நீந்தி வந்தேன்னு எயுது. எண்ணூர்லேர்ந்து நீந்திகினே வந்தேன்னு போடு. போட்ல வந்தா இன்னா மரியாத கீது?"

"ஐய, மூஞ்சப் பாரு! டவுன் பஸ்ல தொங்கிகினு வந்தான்னு எயுதுண்ணா."

நீந்தினால் மாரியப்பனுக்கு மகிழ்ச்சி. பஸ் என்றால் புஷ்பவல்லிக்கு. இருவரில் ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டு இந்தத் தெருவில் நான் குடியிருக்க முடியாது. முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் அவன். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். எப்படி வந்தான்? நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன். இப்போது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது.