பத்து மாதத்துக்குப் பிறகு வந்த நடுக்கம்

ஐந்து மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கே அப்பா ஹூஷங்கின் கைகள் ஆடத் தொடங்கிவிட்டன.

வெயில் கம்பளத்தின் மேல் சோம்பலாகக் கிடந்தது. அதில் பாலைவனத்துப் புழுதி மெல்ல மிதந்தது. அதையே பார்த்திருந்தவருக்குத் தானும் தரையை விட்டு ஒரு சாண் உயரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை சில்லிட்டது, வயிற்றைக் கலக்கியது. அபின் கிடைக்காதபோது வரும் இந்த அறிகுறிகள் அவருக்கு அத்துப்படி. இருபது வயதில் தொட்ட அபினை ஐம்பத்து மூன்றில்தான் விட்டார். சிகிச்சை முடிந்து பத்து மாதம் ஆகிறது. கடைசி நாளன்று டாக்டரம்மா, "இனிமே பதட்டம் வரும், ஓடாம கூடவே உக்காந்திருங்க" என்று சொல்லியிருந்தார். பதட்டமா, எனக்கா என்று சிரித்துவிட்டு வந்தவர் ஹூஷங்.

மைத்துனன் காவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், மூஞ்சி வெளிறிக் கெடக்கு? வர்றவங்க உங்களப் பாத்தே ஓடிரப்போறாங்க."

"பழைய சனியன் திரும்பிடுச்சுடா. ஒடம்பு கேக்குது."

"ஒரு பருப்பளவு போட்டா தீந்துது. இன்னிக்கு மட்டும்தான? யாருக்குத் தெரியப்போவுது?"

ஈரானிலேயே எங்கள் கெர்மான்காரர்களை இந்த விஷயத்தில் திருத்தவே முடியாது. பல்வலியா, இருமலா, மாமியார் சண்டையா, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அபின்தான். காவே பாசத்தோடுதான் அந்தக் கறுப்பு உருண்டையைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் வைத்தான்.

விழுங்கினால் பத்து மாதமும் மண்ணோடு போகும். விழுங்காவிட்டால் மகளின் நல்ல நாளில் நாலு பேர் முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். உருண்டையைச் சூடான தேநீரில் கரைத்துக் குடித்துவிடலாம் என்று ஹூஷங் சமையலறைக்கு நழுவினார்.

அங்கே மகள் மினூ தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் கண்ணாடிக் குவளைகள் மோதிக் கிணுகிணுத்தன.

இவளுக்கும் அதே நடுக்கமா என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மினூ, நெசத்தச் சொல்லு. நீயும் அதத் தொட்டியா?"

"என்னப்பா உளர்றீங்க? பயம்ப்பா! காலைலேந்து நெஞ்சு படபடங்குது, வயித்தக் கலக்குது, கையெல்லாம் ஐஸு. நீங்க பயந்தா இப்படி வராதா?"

ஹூஷங் யோசித்தார். அவள் பிறந்த நாள், காய்ச்சலில் பிதற்றிய நாள், முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நாள். எல்லா நாளும் அவருக்குள் அபின் இருந்தது. பயம் வாசல்வரை வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. உருண்டையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

தேநீரைப் பெண் தனியாகத்தான் எடுத்துப் போக வேண்டும், அதுதான் முறை. அன்று தட்டின் மறுபக்கத்தை அப்பா பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேரும் நடுங்கியதில் பாதித் தேநீர் தட்டிலேயே கொட்டியது.

"என்னங்க இது, நீங்க தூக்கிட்டு வர்றீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பயமா இருக்குங்க," என்றார் ஹூஷங். "இவ பொறந்ததுலேந்து இன்னிக்குத்தான் இவளுக்காக மொதத் தடவ பயப்படுறேன்."