அக்கா துப்பிய கொக்கு

என் அக்காவுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சரக்குக் கிடங்கில் மேலாளராக உட்கார்ந்து, லாரி ஓட்டுபவர்களை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவளுக்குப் பொத்தான் எதற்கு? அறுந்து விழுந்தால் சட்டையை என் பக்கம் எறிவாள், நான் தைத்துக் கொடுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த ஏற்பாடு போதும். அம்மாவுக்குத்தான் போதவில்லை.

அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பையனின் தாய் தொலைபேசியில், "பொண்ணுக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். லாரிக்காரர்களை அதட்டுவாள் என்று உண்மையைச் சொன்னால் குடி முழுகிவிடாது. ஆனால் அம்மா சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரம் நான் போட்டு வைத்திருந்த கொக்கு கண்ணில் பட்டிருக்கிறது. "எம்ப்ராய்டரி போடுவா. அதுவும் பட்டுல. உயிரோட நிக்கற மாதிரி இருக்கும்" என்று அளந்துவிட்டாள்.

அந்தக் கொக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெண்ணெய் நிறப் பட்டு. அதில் நாணலுக்கு நடுவே ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. கழுத்து முடிந்துவிட்டது, ஒரு இறக்கை பாக்கி. நாடகங்களுக்கு உடை தைக்கும் கூடத்தில் எனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தக் கொக்கின் கையில் இருந்தது. கொக்குக்குக் கை கிடையாது என்பது எனக்கும் தெரியும். கூடத்தின் தலைமைத் தையல்காரி கறாராகச் சொல்லியிருந்தாள்: "முடிஞ்சதைக் கொண்டு வராதே. முடிஞ்சதைக் கடையிலயே வாங்கிட்டு வந்துடலாம். பாதியில நிக்கறதைச் சட்டத்தோட எடுத்துட்டு வா. பின்பக்கத்தையும் பார்க்கணும்." திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தாள். அக்காவைப் பெண் பார்க்க வருவது அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

"கொஞ்ச நேரம் அவகிட்ட குடு. தேய்ஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா.

"தேயும்" என்றேன்.

"அக்கா வாழ்க்கையை விட உனக்கு ஒரு கொக்கு பெருசாப் போச்சா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அம்மா அதற்காகத்தான் கேட்பாள். கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஊசியைக் கையில் கொடுத்தோம். ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். "எதையும் குத்தாதே. இறக்கைக்கு மேல சும்மா பிடிச்சுக்கோ" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"தலையைக் குனிஞ்சுக்கோ" என்றாள் அம்மா.

"குனிஞ்சா தூக்கம் வரும்மா" என்றாள் அக்கா.

பையனின் தாய் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவள். வாசல் திரையைக் கசக்கிப் பார்த்தாள். மெத்தை உறையைத் தடவினாள். தேநீர்த் தட்டோடு போன என் சட்டைக் கையையும் இரண்டு விரலால் உரசிப் பார்த்தாள். பையன் செல்பேசியைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"இது சின்னவ. வீட்டுல சும்மா இருக்கா" என்று அம்மா என்னை அறிமுகம் செய்துவைத்தாள். சும்மா இருந்து சும்மா இருந்து என் விரல் நுனி காய்த்துப் போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுக்குத் துணையாக வந்து உட்கார்ந்து, அம்மா சொன்னதற்கு ஆமாம் போட்ட எங்கள் சித்தப்பாவுக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தேநீரை நீட்டினேன். அந்த அறையில் எனக்கு எட்டிய பழிவாங்கல் அவ்வளவுதான்.

அந்த அம்மாள் பிஸ்கட் தின்ற விரலோடு கொக்கின் பக்கம் நகர்ந்தாள். நல்லவேளையாக அரை விரற்கடை தள்ளி நிறுத்திக்கொண்டாள். "அடேயப்பா! இதை எங்க கூடத்துச் சுவர்ல மாட்டினா எப்படி இருக்கும்!"

புகழ்ச்சி என்றால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. "மாட்டுங்களேன்! இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. கல்யாணத்துக்கப்புறம் அங்கயே உட்கார்ந்து மிச்சத்தை முடிச்சுடுவா!"

நான் தட்டைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். அடுத்து "ஆ!" என்றொரு அலறல். பட்டின் மேல், கொக்கின் கழுத்துக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு துளி ரத்தம்.

வீடு பொங்கி எழுந்தது. அக்காவின் விரலை யாரும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வெந்நீர்! கொதிக்கக் கொதிக்க வெந்நீர்!" என்று அப்பா சமையலறைக்கு ஓடினார்.

சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. தெரிந்த விஷயமும் இல்லை. "பற்பசை வச்சுத் தேய்ங்க. பல்லுல இருக்கற கறையே போகுது, துணி எம்மாத்திரம்?" என்றார். அம்மா சோப்புத்தூளையும், காலர் தேய்க்கும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பையன் முதல்முறையாக வாய் திறந்தான்: "ஐஸ் வைக்கணும்னு போட்டிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, அது சூயிங்கம்முக்கு" என்றான்.

சூடு பட்டால் ரத்தம் பட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஜென்மத்துக்கும் போகாது. தண்ணீர் கொட்டினால் அலகுக்குப் போட்ட ஆரஞ்சு நூல் சாயம் விடும். பிரஷ் பட்டால் கழுத்தே கிடையாது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தால், 'வீட்டில் சும்மா இருப்பவளுக்கு' இவ்வளவு எப்படித் தெரியும் என்று அந்த அம்மாள் கேட்பாள். அக்காவின் கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். துளி வேறு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு மயக்கமா வருது" என்றாள் அக்கா. இரண்டு ஆள் தூக்கும் பெட்டியைத் தனியாக நகர்த்துகிறவள் அவள். "இவ என்னைக் கூட்டிட்டுப் போகட்டும். அந்தச் சட்டத்தையும் எடுத்துக்கோடீ, அதைப் பார்த்தாத்தான் எனக்கு மயக்கம் தெளியும்." எந்த டாக்டரும் கேள்விப்படாத இந்த மயக்கத்தை எல்லாரும் நம்பினார்கள்.

துணி துவைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். தையல்காரிகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: ரத்தம் யாருடையதோ எச்சிலும் அவருடையதாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. வெள்ளைப் பருத்தி நூலைச் சுருட்டி அக்கா வாயில் திணித்தேன்.

"மெல்லு."

"என்னத்துக்கு?"

"பேசாம மெல்லு. நல்லா எச்சிலை ஊற வை."

மென்றாள். நனைந்த நூலை வாங்கித் துளியின் மேல் ஒற்றினேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன், அவ்வளவுதான். நூல் இளஞ்சிவப்பானது. புது நூலை நீட்டினேன். "ஆபீஸ்ல எத்தனை மூஞ்சியில துப்பணும்னு நினைச்சிருப்பேன்! கடைசியில ஒரு கொக்கு மேல துப்ப வச்சுட்டியே" என்றாள் வாயில் நூலோடு. சிரிக்கக் கூடாது, கை ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றினேன். சிவப்பு மங்கி, மஞ்சளாகி, மறைந்தது.

"நல்லா குத்தினேனா?" என்றாள் அக்கா.

நான் நிமிர்ந்தேன்.

"அம்மா தூக்கிக் குடுக்கப் பார்த்தாங்க இல்ல? கறை பட்டதை யார் வாங்குவாங்க? முதல் தடவை குத்தினப்போ ரத்தம் வரலை. உன் ஊசி ரொம்ப மோசம்டீ."

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகள் இருந்தன. எனக்கு அவளை அறையவும் கட்டிக்கொள்ளவும் ஒரே நேரத்தில் தோன்றியது. கையில் சட்டம் இருந்ததால் இரண்டும் முடியவில்லை.

அம்மா கதவை இடித்தாள். திறந்ததும் பட்டைப் பார்த்து, "போயிடுச்சே!" என்று கத்திக்கொண்டு சட்டத்தைப் பிடுங்கிக் கூடத்துக்கு நடந்தாள். "ஒரு பொட்டுக் கறை இல்ல! எடுத்துட்டுப் போங்க!"

அக்கா பின்னாலேயே போய், லாரிக்காரர்களுக்கான குரலில் பேசினாள். "அது என் தங்கச்சி போட்டது. நாளைக்கு அதை வச்சுத்தான் அவளுக்கு வேலை. எனக்கு ஊசியால குத்திக்க மட்டும்தான் தெரியும்."

அப்பா கையில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. பையனின் தாய் அக்காவைப் பார்த்தாள், கொக்கைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "அப்படியா? அப்ப சின்னவளைக் கேக்கலாமே. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பையன் அதற்கும் தலையாட்டினான்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கணக்குப் போட்ட அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. பிறகு அவள் கண் அக்காவின் முகத்துக்குப் போனது. அக்கா அழவில்லை, விரலை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு என்ன ஆனதோ, சட்டத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள்.

"என் பொண்ணுங்க என்ன, அளவு சரியில்லேன்னா மாத்திக்கற செருப்பா? எழுந்திருங்க!"

வந்தவர்கள் விருட்டென்று எழுந்து போனார்கள். சித்தப்பா மட்டும் பிஸ்கட்டை முடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் தலைமைத் தையல்காரி சட்டத்தைப் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்து, கழுத்துப் பக்கம் வந்ததும் நின்றாள். "இங்க பட்டு கொஞ்சம் மங்கியிருக்கு. ரத்தமா?"

"ஆமா."

"எப்படி எடுத்தே?"

"குத்திக்கிட்டவங்க எச்சிலாலதான். என் அக்கா."

"கூடவே யாராவது வெந்நீர் தூக்கிட்டு வந்திருப்பாங்களே?"

"எங்க அப்பா."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார். நாளையிலேர்ந்து வந்துடு."

வீடு திரும்பியபோது அம்மா மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரியை மடக்கி வைத்திருந்தாள். "கொக்கு போட்டது சின்னவதான். அவ கை அப்படி. ஆனா பெரியவளோட உழைப்பும் அதுல கொஞ்சம் இருக்கு, ஆமா!"

வழக்கம்போல் மறுக்க வாயைத் திறந்தேன். அக்காவின் விரல் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். அம்மா முதல்முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கே தெரியாது.