எரிந்துபோன பள்ளிக்கூடத்தில் இடதுபக்கம்

பக்கத்துப் பண்ணை மெர்ல் வாய் நிறையப் பன்றிக்கறியை வைத்துக்கொண்டு அதே கதையை மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஆம்புலன்ஸ்காரன்கிட்ட பளிச்சுன்னு சொன்னேம்மா. பாலத்தத் தாண்டு, பள்ளிக்கூடத்துல இடதுபக்கம் திரும்பு, ரயிலடிக்கு அடுத்தது டெல்பர்ட் வீடுன்னு. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

ஆர்லீன் தட்டைக் கீழே வைத்தாள். அப்பா டெல்பர்ட்டைப் புதைத்துவிட்டு நேராக இந்தச் சர்ச்சின் கீழறைக்கு வந்திருந்தார்கள். ஊரே வரிசையில் நின்று உருளைக்கிழங்கு சாலட்டும் பச்சை ஜெல்லியும் அள்ளிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் எரிஞ்சு எவ்வளவு காலமாச்சு, மெர்ல்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"ரயிலடி?"

"தண்டவாளத்தையே பேத்துட்டுப் போயிட்டானுங்களே. அதனால என்ன? எல்லாருக்கும் தெரிஞ்ச இடந்தானே!"

டட்ச் பெண்ட் என்ற இந்த ஊரில் எதுவுமே போனதில்லை. தபால் நிலையம், மாவு மில், ஆறு திசை மாறுவதற்கு முன் இருந்த பழைய துறை, எல்லாம் இவர்கள் வாயில் அப்படியே நின்றன. வெளியூர்க்காரன் கண்ணுக்கு மட்டும் வெறும் சோளக்காடு. அதில்கூட இவர்களுக்கு ஒரு பெருமை! சீ.

"அந்த ஆம்புலன்ஸ் பையன் ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சுத்தினான். சைரன் நல்லாவே கேட்டுச்சு," என்றார் மெர்ல். "உங்கப்பாவுக்கும் கேட்டுச்சு. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே, 'வழி தெரியாம முழிக்கிறான் பாரு, டவுன்காரப் பய'ன்னு சிரிச்சாரு."

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். டெல்பர்ட் அப்படித்தான், கடைசிவரைக்கும் டெல்பர்ட்தான் என்றார்கள்.

"போன வருஷம் மாவட்டத்துக்காரங்க முக்குக்கு முக்கு ரோட்டு நம்பர் போட்டுப் பச்சைப் பலகை நட்டாங்களே," என்றாள் ஆர்லீன். "நம்ம முக்குல இருந்தது எங்க?"

சிரிப்பு நின்றது. எதிரே இருந்த வெர்னிஸ், தான் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பணியாரத்தை வெட்டத் தொடங்கினாள். யாரும் கேட்காமலே வெட்டினாள்.

"நம்மூருக்கு எதுக்கும்மா நம்பர்? ஜெயிலா இது?" என்றார் மெர்ல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க கோழிக்கூட்டப் போய்ப் பாரு."

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டின் பின்பக்கம் கோழி திருடும் ரக்கூன் குடைந்த ஓட்டையை மூடிப் பச்சைத் தகடு ஒன்று அறைந்திருந்தது. எழுத்து தெரியாத அளவுக்குக் கோழி எச்சம். மூலைக்கு ஒரு ஆணி, வளையாமல், நேராக. அப்பாவின் கைவேலை. ஊர்க்காரர்கள் மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் செத்துப்போன மனிதர் மேல் திரும்பியது. அந்த நிமிஷம் அவரை வாய்விட்டுத் திட்டினாள். கோழிகள் கலைந்து ஓடின.

கடப்பாரையால் நெம்பினாள். லேசில் வரவில்லை. வந்ததும் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் நடந்தாள். வேலிக்கம்பம் ஒன்றைப் பிடுங்கி நட்டு, அதில் பலகையை அடித்தாள்.

மெர்ல் வண்டியில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. அழுதிருந்தார்.

"நீ போனப்புறம் எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா. நீ சொல்றதும் நியாயந்தான். பள்ளிக்கூடத்த யாருக்குத் தெரியும்? இனிமே வர்றவங்ககிட்ட, 'டெல்பர்ட் இருந்த வீட்டுல இடதுபக்கம் திரும்பு'ன்னே சொல்லப் போறோம்."

அவர் காத்திருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையில் காய்ந்திருந்த எச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஒன்பது மட்டும் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.