செத்துப்போன நாற்பது சாமான்கள்

பிப்பாவுக்கு நாற்பது வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது கிடைத்துவிட்டன.

டோஸ்டர்கள், ஹேர் டிரையர்கள், மேசை விசிறிகள், ஒரு ரேடியோ, மாவு பிசையும் இயந்திரம் ஒன்று. எல்லாம் ஆஸ்திரேலியாவின் பல்லராட் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. எல்லாம் செத்துப்போனவை. பழைய கம்பளிக் கிடங்கில் அவற்றை மேடைகளில் வரிசையாக வைத்து, விளக்குப் போட்டு, ஆறு வாரம் கலைக்காட்சியாக வைப்பது அவள் திட்டம். பொருள்களை மறுபடி மறுபடி பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்ற தலைப்பில் நகராட்சி ஒதுக்கிய பணம் அதற்குத்தான். ஆறு வாரம் முடிந்ததும் சாமான்களை அரைத்துப் பலகையாக்கி நூலகத்துக்கு இருக்கைகள் செய்வதாக ஏற்பாடு. வாசலில் மாட்ட ஒரு பெரிய பலகை எழுதியிருந்தாள்: "நாம் பழுதுபார்க்க மறந்துவிட்டோம்."

நாற்பதாவதை ரோவன் கொடுத்தான். கிடங்கில் ஆணி அடிப்பதும் விளக்கு மாட்டுவதும் அவன் வேலை. அவன் கொடுத்தது ஒரு கெட்டில். அரைப்பதற்கு அல்ல, இரவலாக. ஆறு வாரம் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

கெட்டிலின் கோளாறு சின்னது. தண்ணீர் கொதித்த பிறகும் தானாக அணையாது. யாராவது போய்த் தூக்கும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். அவன் மனைவி டெல்லா அதைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். சத்தம் ஏறியதும் உள்ளேயிருந்து, "ரோ, தூக்கு," என்பாள். அவன் தூக்குவான். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. புதிது வாங்க வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள். இருவருமே வாங்கவில்லை.

டெல்லா போன ஆகஸ்டில் இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. வயது முப்பத்தொன்று. அதன் பிறகு ரோவன் சட்டியில் தண்ணீர் சுடவைத்தான். அவனுடைய அக்கா மோரீன் இரண்டு முறை புதுக் கெட்டிலோடு வந்தாள். இரண்டாம் முறை பழையது குப்பைத் தொட்டிவரை போய்விட்டது. கிடங்கில் கேமரா இருந்தது, பூட்டு இருந்தது. அங்கே கோளாறு கோளாறாகவே பத்திரமாக இருக்கும் என்று அவன் நினைத்தான்.

புதன்கிழமை பிப்பாவும் அவனும் ஒவ்வொரு சாமானிலும் நூல் கோர்த்த வெள்ளை அட்டை ஒன்றைக் கட்டினார்கள். சாமானின் பெயர், வயது, இறந்த காரணம். 'டோஸ்டர். ஒன்பது வருடம். ஒரு பக்கம் மட்டும் சுடும்.' 'விசிறி. பதினான்கு வருடம். சுற்றாது, உறுமும்.' ரோவன் தன்னுடையதில் 'கெட்டில். ஆறு வருடம். அணையாது' என்று எழுதினான். அதற்கு மேல் அட்டையில் இடமில்லை.

வியாழக்கிழமை இருவரும் விளக்குகள் எடுக்க மெல்போர்னுக்குப் போனார்கள். மேடைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் கொட்டகைக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பதினைந்து இருபது ஆண்கள் ரயிலடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தினமும் கூடி, மரவேலை செய்து, ஊர்ச் சாமான்களைச் சரிசெய்து, தேநீர் குடித்துக் கலைவார்கள். மேடைகளைக் கொண்டுவந்து இறக்கச் சொல்லி ரோவன் சாவியை அவர்களில் ஒருவரான டெஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனான். டெஸ் ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் மின்பணியாளராக இருந்தவர்.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சரிசெய்ய வேண்டிய சாமானில் வெள்ளை அட்டை கட்டி, என்ன கோளாறு என்று எழுதிவிட வேண்டும். அட்டை இல்லாததை யாரும் தொட மாட்டார்கள். அட்டை இருப்பதை யாரும் விட மாட்டார்கள்.

டெஸ்ஸும் அவருடைய கூட்டாளி நெவ்வும் மேடைகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் நாற்பது சாமான்கள், நாற்பது அட்டைகள். பெரிய வேலைதான், ஆனால் வெள்ளிக்கிழமை மாலை திறப்பு விழா என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சாமான்களை ஏற்ற நெவ் டிரெய்லரை வாசலுக்குப் பின்னோக்கி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரோவனும் பிப்பாவும் விளக்குகளோடு வந்தபோது நாற்பதும் மேடையில் இருந்தன. துடைத்துப் பளபளவென்று. ஒன்பது கொட்டகைக்காரர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

"நாப்பதுல முப்பத்தாறு ஓடுது," என்றார் டெஸ். "நாலு தேறல. அதுல நல்லா இருந்ததக் கழட்டி மத்ததுக்குப் போட்டுட்டோம். தப்பா நினைச்சுக்காத."

"என்ன ஓடுது?" என்றாள் பிப்பா.

நெவ் பக்கத்திலிருந்த டோஸ்டரை அழுத்திக் காட்டினார். இரண்டு பக்கமும் சிவந்தது. ஓடுகிற ஒவ்வொன்றின் மின்கம்பியிலும் பச்சை நிறச் சோதனைச் சீட்டு ஒட்டியிருந்தது, தேதியும் டெஸ்ஸின் கையெழுத்தும் போட்டு.

பிப்பா தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மறுபடி பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டாள். பழையபடி என்றால் எப்படி என்று டெஸ் கேட்டார். ஓடாமல், என்றாள்.

டெஸ் நெவ்வைப் பார்த்தார். நெவ் கூரையைப் பார்த்தார்.

"கெடுக்கிற வேல நாங்க செய்யறதில்ல," என்றார் டெஸ். "அத நாப்பது வீட்டுக்காரங்களும் நல்லாவே செஞ்சிருக்காங்களே."

பிப்பா வாசல் பலகையைக் கைகாட்டினாள். டெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். தாங்கள் மறக்கவில்லை என்றும், வேறு யாராவது மறந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

இதற்குள் ரோவன் கடைசி மேடைக்குப் போயிருந்தான். தேறாத நான்கில் தன் கெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனான். பச்சைச் சீட்டு இருந்தது. கழிவறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து செருகி, பக்கத்தில் நின்றான். சத்தம் ஏறியது. ஆவி வந்தது. கை நீண்டது. கெட்டில் தானாக அணைந்தது.

டெஸ் பின்னால் வந்து நின்றார், பாராட்டை எதிர்பார்க்காதவர் மாதிரி.

"இத மட்டும் பழையபடி ஆக்கித் தர முடியுமா, டெஸ்?"

"அணையாம கிடந்துச்சு, மேட். வீடே எரிஞ்சிருக்கும்."

"நான் பக்கத்துலயே நிப்பேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

கெட்டிலிலிருந்து கழற்றிய பழைய அணைப்புத் தகடு எங்கே என்று ரோவன் கேட்டான். காலையில் பழைய இரும்புக்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்றார் டெஸ். எதற்குக் கேட்கிறாய் என்றார். சும்மா என்றான் ரோவன்.

மாலையில் கண்காட்சி திறந்தது. பிப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. நகராட்சிப் பெண்மணி ஒருவர் டோஸ்டரில் ரொட்டி போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு துணிச்சலான படைப்பைத் தான் பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார். கொடுத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஒரு பெண் தன்னுடைய ஹேர் டிரையரைக் கையில் எடுத்துக்கொண்டு பிப்பாவிடம் வந்தாள்.

"ஓடுதே. அப்புறம் இங்க எதுக்கு இருக்கணும்?"

பலகையை எழுதியவளே அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பை தேடிக் கொடுத்தாள். மற்றவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவு இயந்திரத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நெவ் ஒரு பக்கம் பிடித்தார். எட்டு மணிக்கு முப்பத்தைந்து மேடைகள் காலி. தேறாத நான்கும் ரோவனின் கெட்டிலும் மிஞ்சின. கண்காட்சிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

பிப்பா தட்டில் மிச்சமிருந்த பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டே கெட்டிலைப் பார்த்தாள். இது செத்ததா, ஓடுவதா, எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்டாள். ரோவன் புது அட்டை ஒன்றை எடுத்து எழுதிக் கட்டினான். 'கெட்டில். ஆறு வருடம். இறந்த காரணம்: சரிசெய்யப்பட்டது.' அவள் படித்தாள். விளக்கை அதன் பக்கம் திருப்பிவிட்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டெஸ் தனியாக வந்தார். காலி மேடைகளைத் தட்டிப் பார்த்தார், ஒன்று லேசாக ஆடியது, அதன் காலடியில் அட்டைத் துண்டு மடித்து வைத்தார். கடைசி மேடைக்கு வந்து படித்தார். ரோவன் நாற்காலியில் இருந்தான். ஞாயிறன்று காவலும் அவன்தான்.

"இது என்ன நக்கலா?"

"இல்ல, டெஸ்."

அவன் சொன்னான். குளியலறை, சத்தம், தூக்குவது. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, மோரீனிடம்கூட. இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

டெஸ் கெட்டிலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"அட்டைல எழுதியிருந்தா தொட்டிருக்க மாட்டோம், மேட்."

"தெரியும்."

"பேரென்ன?"

"டெல்லா."

டெஸ் தலையாட்டினார். போகும்போது கதவருகே நின்று திரும்பினார்.

"நல்லா கொதிக்குதா?"

"நல்லா கொதிக்குது," என்றான் ரோவன். அது உண்மைதான்.

ஆறு வாரம் முடிந்ததும் கெட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கொண்டுவராமல் இருக்கக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தி, பக்கத்தில் நின்றான். நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது. கூடத்துக்குப் போனான். அங்கே செய்ய ஒன்றுமில்லை. குளியலறைக்குப் போனான். ஷவர் முகப்பில் சுண்ணாம்பு படிந்து பாதித் துளைகள் அடைத்திருந்தன. பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

சமையலறையில் சத்தம் ஏறி, நின்றது. அவன் தேய்த்துக்கொண்டிருந்தான்.